பாசிக் கணக்குச் செயலியின் வெள்ளோட்டம்: பாம்பன் தீவின் வடகரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாம்பன் தீவின் வடகரையில், பாக் விரிகுடாவைப் பார்த்தபடி இருக்கும் ஊர். அந்தப் பக்கத்தில் அதை வடகடல் என்றுதான் சொல்வார்கள். மன்னார் வளைகுடா தென்கடல். ஊரின் சுய உதவிக் குழுவில் பன்னிரண்டு பெண்கள் மிதவை கட்டிப் பாசி வளர்க்கிறார்கள். பாசியின் அறிவியல் பெயர் கப்பாஃபைகஸ். ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. இந்தக் கரையில் ஒப்பந்த முறையில் அதை வளர்க்கவைத்த நிறுவனத்தின் பெயரே ஒட்டிக்கொண்டு, ‘பெப்சி பாசி’ ஆகிவிட்டது.

தொழிலின் கணக்கைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம், அதில் 20 கயிறு. ஒரு மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி கட்டுவார்கள். ஓரா மீன் வந்து மேய்ந்துவிடாமல் அடியில் வலை. 45 நாளில் சராசரியாக 260 கிலோ ஈரப்பாசி கிடைக்கும். அதில் 60 கிலோ மறுபடியும் விதைக்குப் போய்விடும். மீதி 200 கிலோ காய்ந்தால் 20 கிலோ. ஒருவருக்கு 45 மிதவை இருந்தால் நாளுக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டே போய், 46ஆம் நாளிலிருந்து நாளுக்கு ஒன்றாக எடுக்கலாம். எந்த மிதவை எந்தத் தேதியில் கட்டியது, எவ்வளவு எடுத்தது, காய்ந்து எவ்வளவு வந்தது, காசு வந்ததா என்ற நான்கும் ஒரே நோட்டில் இருந்தன. எழுதியவர் குழுவில் நன்றாக எழுதத் தெரிந்த ஒரே பெண்.

இந்த நோட்டுக்குப் பதிலாக ஓர் ஆண்ட்ராய்டு செயலி செய்ய முனைந்தது மதுரையைச் சேர்ந்த மூவர் குழு. முதல் வடிவத்தைப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் சிலரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். திரை திருப்பினால் செயலி நின்றுபோகிறது, பின் பொத்தான் வேலை செய்யவில்லை என்பது போன்ற குறைகள் வந்தன, சரிசெய்யப்பட்டன. மாணவர்கள் எடைக் கட்டங்களில் 100, 80 என்று வாய்க்கு வந்ததைப் போட்டிருந்தார்கள். அது அப்போது யாருக்கும் உறுத்தவில்லை.

முதல் முயற்சி: வாட்ஸாப்பில் ஓர் இணைப்பு

2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் டெவலப்பர் கணக்கு என்றால், பிளே ஸ்டோரில் எல்லோருக்கும் வெளியிடுவதற்கு முன், பட்டியலில் உள்ளவர்கள் மட்டும் நிறுவிப் பார்க்கும் ‘மூடிய சோதனை’ ஒன்றை நடத்தியாக வேண்டும். ஆரம்பத்தில் 20 பேர் 14 நாள் தொடர்ந்து அதில் இருக்க வேண்டும் என்றிருந்தது; 2024 டிசம்பரில் 20 என்பது 12 ஆனது. ஊரில் பாசிப் பெண்களும் பன்னிரண்டு பேர். உண்மையைச் சொல்வதானால், முதலில் அவர்களைத் தேடிப் போனதற்கு இந்தத் தலைக்கணக்கும் ஒரு காரணம்.

ஏப்ரல் கடைசியில் குழுத் தலைவி வழியாக மின்னஞ்சல் முகவரிகள் கேட்கப்பட்டன. வந்த முகவரிகளைச் சோதனைப் பட்டியலில் சேர்த்து, இணைப்பை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு மதுரையில் காத்திருந்தார்கள். பத்து நாளில் நிறுவியவர்கள் இரண்டு பேர். மற்றவர்களிடமிருந்து சத்தமில்லை. அவர்களுக்கு ஆர்வமில்லை என்று மூவர் குழு முடிவுகட்டியது.

நேரில் போய்ப் பார்த்தபோது தெரிந்தது வேறு. பெரும்பாலான போன்களில் இருந்த கூகுள் கணக்கு மகனுடையது, அல்லது போன் வாங்கிய அன்று கடைக்காரர் உருவாக்கியது. பெண்கள் கொடுத்த முகவரி ஒன்று, போனில் உள்ள கணக்கு வேறொன்று. அதனால் இணைப்பைத் தொட்டவுடன் ‘இந்த ஆப் உங்களுக்குக் கிடைக்காது’ என்ற பொருளில் ஒரு வரி வந்து நின்றிருக்கிறது. அதையும் தாண்டி நிறுவிய இருவர் நுழைவுத் திரையில் மாட்டிக்கொண்டார்கள். ஓடிபி கணவரின் எண்ணுக்குப் போகிறது. அவர் பக்கத்தில் இருந்தால்தான் எண்ணைப் படித்துச் சொல்ல முடியும்.

இதில் முக்கியமானது தொழில்நுட்பக் கோளாறு இல்லை. மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. ‘நாந்தான் ஏதோ தப்பா அமுக்கிப்புட்டேன்’ என்று நினைத்துப் போனை மூடிவைத்துவிட்டார்கள். போன் வேறொருவருடையது என்பதால் அதைக் கெடுத்துவிட்டோமோ என்ற பயம் வேறு. மதுரையில் ஆர்வமின்மையாகத் தெரிந்தது, ஊரில் குற்ற உணர்வாக இருந்தது.

இடையில் ஒருவருக்கு ஏபிகே கோப்பை, அதாவது பிளே ஸ்டோர் இல்லாமலே செயலியை நிறுவும் கோப்பை, நேராக வாட்ஸாப்பில் அனுப்பிப் பார்த்தார்கள். போனில் உள்ள கூகுளின் பாதுகாப்புச் சேவையான பிளே புரொடெக்ட் எச்சரித்தது; அதைத் தாண்டி எப்படி நிறுவுவது என்று தொலைபேசியில் சொல்லிக்கொடுத்தார்கள். இது கைவிடப்பட வேண்டிய வழி என்று பிறகு முடிவானது. காரணம் இரண்டு. முதலாவது, கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸாப்பில் ஏபிகே அனுப்பி வங்கிக் கணக்கைக் காலி செய்யும் மோசடி நாடு முழுக்க நடக்கிறது. எச்சரிக்கையைத் தாண்டப் பழக்கிவிட்டால், அந்தப் பழக்கம் நாளை யாருக்குப் பயன்படும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டாவது, பிளே ஸ்டோர் தரும் வடிவத்தில் உள்ள டிஜிட்டல் கையொப்பமும் டெவலப்பர் கணினியிலிருந்து நேராக அனுப்பும் ஏபிகேயின் கையொப்பமும் வேறு வேறாக இருந்தால், ஒன்றின்மேல் மற்றொன்றைப் புதுப்பிக்க முடியாது. பழையதை நீக்கித்தான் புதியதைப் போட வேண்டும். நீக்கினால் உள்ளே எழுதிய கணக்கும் சேர்ந்து போகும்.

சொல்லை மாற்றியது

மே முதல் வாரத்தில் ஊர் சமுதாயக் கூடத்தில் மறுபடி தொடங்கியபோது முதலில் கைவைத்தது சொல்லில். ‘சோதனை’ என்றாலே தமிழில் ஒன்று பரீட்சை, இல்லாவிட்டால் கஷ்டகாலம். ‘டெஸ்ட்’ என்றாலும் மார்க் போடுவார்கள் என்ற நினைப்புத்தான். குழுத் தலைவிதான் ‘வெள்ளோட்டம்’ என்றார். புது வள்ளத்தை முதலில் தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்ப்பது எதற்கு? பலகை இணைப்பில் எங்கே கசிகிறது என்று பார்ப்பதற்கு. கசிந்தால் ஓட்டியவர் மேல் குற்றம் சொல்ல மாட்டார்கள், கட்டிய ஆசாரியைத்தான் கூப்பிடுவார்கள். விளக்கம் அதற்குமேல் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து பெண்கள் குறை சொல்லும்போது ‘இங்க கசியுது தம்பி’ என்றே சொல்லத் தொடங்கினார்கள்.

அன்றே மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன. நோட்டில் எழுதுவது நிற்கக் கூடாது. செயலி அதற்கு மேல்தான். உட்கார்ந்து பார்க்கும் நாளுக்கு அரை நாள் கூலி உண்டு, குறை கண்டுபிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். குறைக்கு இவ்வளவு என்று காசு வைத்தால் சின்னச் சின்ன எழுத்துப்பிழைகள் குவியும், செயலியை ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு ஒன்றும் கிடைக்காது என்பதால் அந்த யோசனை தள்ளப்பட்டது. மூன்றாவது, பிடிக்காதவர் எந்த நாளும் விலகலாம், காரணம் கேட்க மாட்டார்கள்.

நிறுவிய நாள்

ஒரு போனுக்கு அரை மணி ஆனது. வேலை இரண்டு நாளாகப் பிரிக்கப்பட்டது. முதல் நாள் பிளே ஸ்டோரைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டு, அங்கே தெரியும் முகவரியை எழுத்து எழுத்தாகக் குறித்துக்கொண்டார்கள். முகவரியைக் கேட்டு வாங்குவதைவிடப் போனைப் பார்த்து எழுதுவதுதான் சரி. கணக்கின் கடவுச்சொல் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, கணக்கு உள்ளே நுழைந்த நிலையில் இருந்தால் போதும். கணக்கு மகனுடையதாக இருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டார்கள். பட்டியலில் சேர்த்ததும் உடனே போனில் தெரியாது, சில மணி நேரம்கூட ஆகலாம். அதனால்தான் இரண்டாம் நாள்.

இரண்டாம் நாள், அதே கணக்கில் உள்ள குரோம் உலாவியில் இணைப்பைத் திறந்து, சேரும் பொத்தானைத் தொட்டு, நிறுவினார்கள். இடம் போதாத போன்கள் பாதி. குட்மார்னிங் படங்களும் வீடியோக்களும் அடைத்துக் கிடந்தன. எதை அழிப்பது என்று உரியவரே தொட்டுக் காட்ட வேண்டும், மற்றவர் கை படக் கூடாது என்று வைத்துக்கொண்டது நல்லதாயிற்று. தானியங்கிப் புதுப்பிப்பு ‘வைஃபையில் மட்டும்’ என்றிருந்தது. வைஃபை இல்லாத ஊரில் புது வடிவம் வந்து சேராது. டேட்டா செலவாகும் என்று சொல்லி, சம்மதித்தவர்களுக்கு மட்டும் மாற்றினார்கள். பேட்டரி சேமிப்பிலிருந்து செயலிக்கு விலக்கு கொடுத்தார்கள். 45ஆம் நாள் நினைவூட்டல் அடிக்க வேண்டுமே. ஆண்ட்ராய்டு 14 போன்களில் குறித்த நேரத்து அலாரத்துக்கான அனுமதி புதிதாக நிறுவும் செயலிகளுக்குத் தானாகக் கிடைக்காது, அதையும் தனியே கொடுக்க வேண்டியிருந்தது.

ஓடிபி நுழைவு எடுத்துவிடப்பட்டது. பாசிக் கணக்கு போனிலேயே இருக்கும், திறக்க நான்கு இலக்க எண். ஆரம்ப நிலையில் இருக்கும் ஒரு செயலிக்கு நுழைவுத் திரை எதற்கு என்று யாரும் அதுவரை கேட்டிருக்கவில்லை.

குறை சொல்லும் வழி வாட்ஸாப் குரல் பதிவு. படிவம் கிடையாது. ஒருங்கிணைப்பாளர் ஒருவர் அதைக் கேட்டு எழுதி, எந்தப் போன், எந்த வடிவம், எந்தத் திரை என்று சேர்த்து மதுரைக்கு அனுப்புவார். வடிவத்தைக் கேட்டால் 0.3.7 என்று யார் சொல்வது? அதனால் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பெயரும் படமும் வைத்து முதல் திரையில் பெரிதாகப் போட்டார்கள்: நண்டு, சங்கு, ஓரா. ‘நண்டுல நல்லா இருந்துச்சு, சங்குல காணோம்’ என்ற ஒரு வரியில் பாதி வேலை முடிந்தது. இந்த ஆய்வில் மலிவாகச் செய்து அதிகம் பலன் கொடுத்தது இதுதான்.

கண்டவை

உட்கார்ந்து பார்த்தபோது பொத்தானைக் காட்டவில்லை. ‘எடுத்த பாசிய எழுதுங்க அக்கா’ என்று மட்டும் சொல்லிவிட்டு, மூவர் குழு கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது விதி. முதல் நாள் அந்த விதி பலமுறை மீறப்பட்டது. சிக்கினவுடன் கை தானாகப் போனை வாங்கிவிடுகிறது. பிறகு போன் மேசைமேல், டெவலப்பர் மேசைக்கு எதிர்ப்புறம் என்று உட்காரவைத்தார்கள்.

மிகப் பெரிய பிழை முதல் மணி நேரத்திலேயே வந்தது. செயலியில் ‘எடுத்த எடை’, ‘விற்ற எடை’ என்று இரண்டே கட்டங்கள். ஒரு பெண் உண்மைக் கணக்கைப் போட்டார்: 260, 20. திரை சிவப்பாகி ‘240 கிலோ குறைகிறது, சரிபார்க்கவும்’ என்றது. விதைக்குத் திரும்பும் 60 கிலோவுக்கு இடமே இல்லை. 200 கிலோ காய்ந்து 20 ஆகும் என்பது செய்தவர்களுக்குத் தோன்றவே இல்லை. மாணவர்கள் போட்ட 100, 80க்கு அது பச்சை காட்டியிருந்தது. கற்பனை எண் எந்தச் செயலியிலும் சிக்காது. ஆனால் அந்தப் பெண் சிவப்பைப் பார்த்ததும் 20ஐ அழித்து 200 என்று திருத்தப் போனார். வெள்ளோட்டப் பேச்சு நடந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், செயலி சொல்வதே சரியாக இருக்கும் என்று தன் கணக்கை மாற்ற முன்வந்தார். தனியாக வீட்டில் இருந்திருந்தால் அந்தப் பொய்க் கணக்கு உள்ளே போயிருக்கும், குறை என்று யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

மற்றவை சுருக்கமாக. தராசில் காலும் அரையும் முக்காலும் உண்டு, விசைப்பலகையில் புள்ளியைத் தேடினார்கள். கால், அரை, முக்கால் என்று மூன்று பொத்தான் வைத்ததும் தீர்ந்தது. பாசி வகைப் பட்டியலில் கப்பாஃபைகஸ் போய் பெப்சி பாசி வந்தது. கூடவே சிலர் கேட்டதால் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் சேர்ந்தன. காற்றில் மிதவை அறுந்து போனால் குறிக்க வழி இல்லாமல் இருந்தது. காலை 9 மணி நினைவூட்டல் யாருக்கும் கேட்கவில்லை, அந்நேரம் எல்லோரும் இடுப்பளவு தண்ணீரில். மாலை 7க்கு மாறியது. எழுத்துப் படிக்கத் தெரியாத இருவர் எண்களை நன்றாகவே கையாண்டார்கள், அவர்களுக்குப் படங்கள் போதுமாக இருந்தன.

வெயிலில் தெரிவதற்காக அழுத்தமான நிறங்களும் ஈரவிரலுக்காகப் பெரிய பொத்தான்களும் வைக்க இரண்டு வாரம் செலவழித்திருந்தார்கள். போனை யாரும் கடலுக்குக் கொண்டுபோவதில்லை. இரவுச் சமையல் முடிந்து எட்டு மணிக்குமேல்தான் எழுதுகிறார்கள்.

கணக்கு அழிந்த இரவு

மே கடைசி வாரம், ‘சங்கு’ வடிவம் போனது. அன்றிரவே குரல் பதிவுகள் வரத் தொடங்கின: முன்பு எழுதிய எதுவும் இல்லை. புது வடிவம் வந்துசேர்ந்த போன்களில் எல்லாம், அதுவரை எழுதிய கணக்கு முழுவதும் காலி.

காரணம் எளிது. விதைப்பாசிக்கும் கால் அரைக்கும் புதுக் கட்டங்கள் சேர்ந்ததால் தரவுத்தளத்தின் வடிவ எண் கூடியது. செயலி பயன்படுத்தியது, போனில் தரவைச் சேமித்துவைக்கும் ஆயத்த நிரலான ரூம் நூலகம். பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு எப்படி மாற வேண்டும் என்று எழுதிக்கொடுக்காவிட்டால், அது திறக்க மறுத்துச் செயலியை நிறுத்திவிடும். ஆனால் தொடக்க காலத்தில் வேலை வேகமாக நடக்கட்டும் என்று ‘ஃபால்பேக் டு டிஸ்ட்ரக்டிவ் மைக்ரேஷன்’ என்ற வரியைப் போட்டிருந்தார்கள். அந்த வரி இருந்தால், மாறும் வழி தெரியாதபோது பழைய அட்டவணைகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். மதுரையில் ஒவ்வொரு முறையும் செயலியை நீக்கிப் புதிதாக நிறுவியே பார்த்ததால் இது கண்ணில் படவில்லை. கணக்கு உள்ள பழைய வடிவத்தின் மேல் புது வடிவத்தைப் போட்டுப் பார்த்தவர் அந்த மூவரில் யாருமில்லை.

புது வடிவம் மேலும் பரவாமல் அன்றிரவே, டெவலப்பர்கள் செயலியை வெளியிடும் தளமான பிளே கன்சோலில் நிறுத்தப்பட்டது. மறுநாள் காலை இருவர் ஊருக்குப் போனார்கள். வாட்ஸாப்பில் மன்னிப்புச் செய்தி அனுப்பலாம் என்ற யோசனை தள்ளப்பட்டது. எழுதிய செய்தியைப் பார்த்தால் மறுபடி ‘நாம எதையோ தொட்டுட்டோம்’ என்றே எடுத்துக்கொள்வார்கள் என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். தவறு யாருடையது, எந்த வரியால், ஏன் முன்பே தெரியவில்லை என்பதைக் கூட்டத்தில் நேராகச் சொன்னார்கள். பிறகு நோட்டை வைத்துக்கொண்டு அத்தனை பதிவையும் அவர்களே திரும்ப உள்ளிட்டார்கள். பெண்களை எழுதச் சொல்லவில்லை. நோட்டு நிற்கக் கூடாது என்ற விதி இல்லாவிட்டால் ஆய்வு அன்றோடு முடிந்திருக்கும்.

அதற்குப்பின் நடைமுறை மாறியது. அந்த வரி நீக்கப்பட்டது: செயலி திறக்காமல் போனாலும் போகட்டும், கணக்கு இருக்கும். ஒவ்வொரு புது வடிவத்துக்கும் முன், ஊரில் ஓடும் வடிவத்தைப் பழைய போன் ஒன்றில் நிறுவி, 30 பதிவுகள் போட்டு, மேலே புதியதை நிறுவி எண்ணிப் பார்த்தார்கள். புது வடிவம் முதலில் இருவருக்கு, மூன்று நாள் கழித்தே மற்றவர்களுக்கு. வாரம் ஒருமுறை கணக்கைக் கோப்பாக்கி வாட்ஸாப்பில் தனக்கே அனுப்பிக்கொள்ள ஒரு பொத்தான் வந்தது. இடம் போதவில்லை என்று ஒரு வீட்டில் மகன் செயலியை நீக்கிவிட்டபோது அந்தப் பொத்தான் கைகொடுத்தது.

ஜூன் 15க்குப் பிறகு

ஜூன் நடுவில் பதிவுகள் திடீரென்று குறைந்தன. கணக்கு அழிந்ததால் நம்பிக்கை போய்விட்டது என்று மூவர் குழு நினைத்தது. நாள்வாரியாகப் பார்த்தபோது குறைவு சீராக இல்லை, பல் பல்லாக இருந்தது. திங்கள், புதன், சனி இரவுகளில் பல வீடுகளில் ஒன்றுமே இல்லை.

கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். நிறுவியதும் பழகியதும் அந்த நாட்களில். கணவர்கள் கரையில், போன்கள் வீட்டில். தடை முடிந்ததும் ராமேசுவரம் பக்கத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கிளம்பி மறுநாள் திரும்புகின்றன. வீட்டின் ஒரே போனும் சேர்ந்து கடலுக்குப் போகிறது. செயலியோ அன்றைய தேதியில் மட்டுமே எழுதவிட்டது. ‘நேற்று’, ‘முந்தாநாள்’ என்று இரண்டு பொத்தான் சேர்ந்தபின் பதிவுகள் திரும்பின. தடைக்காலத்தில் மட்டும் வெள்ளோட்டம் விட்டு முடித்திருந்தால் இது வெளியீட்டுக்குப் பிறகுதான் தெரிந்திருக்கும்.

முடிவில் நின்றவை

45 நாள் சுற்று ஒன்று முடியும்போது பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் போன் உடைந்து விலகினார். இருவருக்கு நோட்டே வசதி, அவர்கள் அதைத் தயங்காமல் சொன்னார்கள். 12 பேர் 14 நாள் என்ற பிளே நிபந்தனை வழியிலேயே நிறைவேறியது. ஆனாலும் பொது வெளியீடு தள்ளிவைக்கப்பட்டது.

அடுத்த ஊரில் செய்யும்போது மாறுபவை: நேரில் போகாமல் இணைப்பு அனுப்புவதில்லை. முதல் நாளிலிருந்தே உண்மைக் கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தை வாங்கி அதை வைத்தே மதுரையில் உள்ளிட்டுப் பார்ப்பது. 260க்கு 20 என்ற பிழை அங்கேயே பிடிபட்டிருக்கும். சிவப்பு எச்சரிக்கை எதுவும் எண்ணை மறுக்காமல் ‘இப்படியே இருக்கட்டும்’ என்ற பொத்தானோடு வருவது. குரல் பதிவுகளைக் கேட்டு எழுதும் வேலைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரக் கூலி தனியே ஒதுக்குவது. இந்த முறை அது ஒருங்கிணைப்பாளர் தலையில் இலவசமாக விழுந்தது. தடைக்காலத்தின் உள்ளே பாதி, வெளியே பாதி என்று நாள் குறிப்பது.

வாடைக் காற்று எழுந்து வடகடல் கொந்தளிக்கும் மாதங்களில் மிதவைகள் கரையேறிவிடும், செயலியில் எழுத ஒன்றும் இருக்காது. அதற்குள் பெண்கள் கேட்ட ஒன்று மட்டும் இன்னும் செய்யப்படாமல் பட்டியலின் மேலே நிற்கிறது: கரையில் உட்கார்ந்து கயிற்றில் விதை கட்டிக்கொடுக்கும் பெண்களின் கூலிக் கணக்கு. அதற்கு யாரிடமும் நோட்டுகூட இல்லை.